தீர்மானப் பதிவேட்டில் ஏறாத நோய்

தமிழ்நாட்டின் கிராமசபைக் கூட்டங்களுக்கு வரும் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் இளைஞர்களுக்கும்,



ஆண்டுக்கு ஆறு நாள் உங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பள்ளிக்கூட வளாகத்திலோ சமுதாயக் கூடத்திலோ ஊர் மரத்தடியிலோ ஷாமியானா போட்டிருக்கும். முன்வரிசையில் நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள், பின்னால் வண்டியில் சாய்ந்து நிற்கும் இளவட்டங்கள், மேசைமேல் தீர்மானப் பதிவேடு. குடிதண்ணீர் நாலு நாளைக்கு ஒருமுறை வருவது, எரியாத தெருவிளக்கு, சுடுகாட்டுப் பாதை, வராத பட்டா, நின்றுபோன பேருந்து எல்லாம் அங்கே கேள்வியாகும். மருத்துவமும் பேச்சில் வரும். ராத்திரியில் டாக்டர் இருப்பதில்லை. ஸ்கேன் எடுக்க மாவட்டத் தலைநகருக்கு ஓட வேண்டியிருக்கிறது. காப்பீட்டு அட்டைக்கு எழுதிக் கொடுத்தும் கைக்கு வரவில்லை. கேட்பவர்களின் குரலில் இருக்கும் ஆற்றாமை நியாயமானது. எதையும் கேட்க வேண்டாம் என்று சொல்ல இந்த மடல் எழுதப்படவில்லை.

கேட்கப்படாமலே போகும் ஒன்றைப் பற்றித்தான் இது. ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும்.

2020-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் 18 முதல் 69 வயது வரையிலானவர்களிடம் ‘ஸ்டெப்ஸ்’ என்ற கணக்கெடுப்பு நடந்தது. அது சொன்ன விகிதங்களை உங்கள் ஊர் அளவுக்குச் சுருக்கிப் பார்க்கலாம். அந்த வயதில் ஆயிரம் பேர் இருக்கும் ஊர் என்றால் 339 பேருக்கு ரத்த அழுத்தம் கூடுதலாக இருக்கும். அவர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருப்பவர்கள் வெறும் 25 பேர். சர்க்கரை நோய் 176 பேருக்கு இருக்கும். கட்டுக்குள் வைத்திருப்பவர்கள் 19 பேர். கொதிப்பு இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது தங்களுக்கு இருப்பதே தெரியாது. கூட்டத்தில் முந்நூறு பேர் உட்கார்ந்திருந்தால், அதில் ஏறக்குறைய நூறு பேர் இந்த நோயோடுதான் தெருவிளக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

தெருவிளக்கு எரியாவிட்டால் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். இது தெரியாது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, பசி குறைவதில்லை. களை எடுக்கலாம், மூட்டை தூக்கலாம், திருவிழாவில் விடிய விடிய கரகாட்டம் பார்க்கலாம். “எனக்கு என்ன, நல்லாத்தானே இருக்கேன்” என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் இருக்கிறது. 140-க்கு 90 என்ற எல்லையைத் தாண்டிய அழுத்தம் வருடக்கணக்கில் ரத்தக்குழாயின் சுவரைத் தடிக்கவும் தளரவும் வைப்பதை உடம்பு வெளியே சொல்லிக் காட்டுவதில்லை.

சொல்லிக் காட்டும் நாள் வரும்போது நேரம் போயிருக்கும். விடிகாலையில் பல் துலக்கும்போது வாய் ஒருபக்கம் கோணும், கை துவளும். பக்கவாதத்தில் அடைபட்ட குழாயைத் திறக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், அதுவும் ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகு. “கொஞ்சம் படுத்திருக்கட்டும், சரியாயிடும்” என்று வீட்டில் ஒரு மணி நேரம், வண்டி கிடைக்க ஒரு மணி நேரம், முதலில் போன இடத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஒரு மணி நேரம். அதோடு அந்த நாலரை மணி நேரம் கரைந்துவிடுகிறது. சிறுநீரகம் கெட்டவரின் கதை வேறுவிதமாகக் கொடியது. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நாலு மணி நேரம் டயாலிசிஸ். காப்பீட்டில் செலவு இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், காலைப் பேருந்தைப் பிடித்துப் போய் மாலைப் பேருந்தில் திரும்பும் அந்த மூன்று நாளும் நோயாளிக்கு வேலை கிடையாது. கூடப் போகிற மனைவிக்கோ மகனுக்கோ கூலி கிடையாது. ஒரு குடும்பத்தின் வாரத்தில் பாதி அப்படியே போய்விடுகிறது.

சர்க்கரைக்காரரின் காலைப் பற்றி உழவர்களுக்கு மட்டும் தனியாக ஒரு வார்த்தை. வருடக்கணக்கில் ஏறியிருக்கும் சர்க்கரை பாதத்தின் உணர்வைத் தின்றுவிடும். வரப்பில் வெறுங்காலோடு நடக்கிறவருக்கு முள் குத்தியது தெரியாது. இரண்டு நாள் கழித்து மனைவிதான் பார்த்துச் சொல்வார். சேற்றிலும் சாணத்திலும் நின்ற அந்தப் புண் ஆறாமல் கறுத்து, விரலோடு தொடங்கி முழங்கால் வரை எடுத்தவர்கள் எந்த அரசு மருத்துவமனையின் அறுவை சிகிச்சை வார்டிலும் உண்டு. முள் குத்திய அன்றே அது தெரிந்திருந்தால், அதற்கும் முன்னால் சர்க்கரை தெரிந்திருந்தால் அந்தக் கால் இன்றும் வரப்பில் நடந்துகொண்டிருக்கும்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் யாரும் பார்த்துக்கொள்வதில்லை? படிப்பறிவு இல்லை என்று நகரத்திலிருந்து வருகிறவர்கள் சொல்லிவிட்டுப் போவார்கள். அது சரியான பதில் இல்லை. ஒரு தலைமுறைக்கு முன் மருத்துவச்சி கையால் வீட்டிலேயே பிரசவம் பார்த்த ஊர்கள் இவை. இன்று, 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. போலியோ சொட்டு மருந்துக்கு வேலையைப் போட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றவர்களும் நீங்கள்தான். நாட்டின் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் பதிவானார். அந்த வெற்றியில் தாய்மார்களின் கால் வலிக்குப் பெரிய பங்கு உண்டு. நோய் வருமுன் காப்பது இந்த ஊர்களுக்குப் புதிதில்லை. குழந்தைக்காகச் செய்ததை நாற்பது வயதில் தனக்காகச் செய்யத்தான் மனசு வரவில்லை.

அதற்குக் காரணங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் மரியாதையோடு கேட்க வேண்டும். “பார்த்தா ஏதாவது சொல்லிடுவாங்க” என்பது முதல் காரணம். தெரியாமல் இருக்கும்வரை நோய் இல்லை என்ற நிம்மதி. “ஒரு தடவை மாத்திரை ஆரம்பிச்சா வாழ்நாள் பூரா விட முடியாது” என்பது இரண்டாவது. “வீட்ல பொண்ணு இருக்கு, சுகர்னு வெளிய தெரிஞ்சா சம்பந்தம் நிக்கும்” என்பது மூன்றாவது, எல்லாவற்றையும்விட வேதனையானது. எல்லா ஊரிலும் காதில் விழும் நாலாவது ஒன்று உண்டு. “மாத்திரை போட்டுப் போட்டுத்தான் அவருக்குக் கிட்னி போச்சு.”

இந்த நாலாவதை ஊரே நம்புகிறது, நம்பும்படியாகவும் இருக்கிறது. ஏனென்றால் மாத்திரை சாப்பிட்டவருக்குத்தான் சிறுநீரகம் கெட்டது என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். நடந்தது தலைகீழ். பத்து வருடம் கட்டுக்கடங்காமல் இருந்த கொதிப்பும் சர்க்கரையும் சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகளை அரித்துக்கொண்டிருந்தன. மாத்திரை தாமதமாக வந்தது, அதுவும் மாதத்தில் பாதி நாள்தான் வாயில் போனது. பழி கடைசியில் வந்த மாத்திரை மேல் விழுந்தது. வலிக்கென்று மருந்துக்கடையில் சொல்லி வாங்கிப் போடும் மாத்திரைகள் நிஜமாகவே சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை. அவற்றைப் பற்றி யாருக்கும் பயம் இல்லை. காய்ச்சலுக்குப் போனால் ஊசி போடாத டாக்டர் கைராசியில்லாத டாக்டர். குளுக்கோஸ் ஏற்றினால்தான் தெம்பு. உடனே ஏதாவது நடப்பதுபோல் தெரியும் வைத்தியத்தின் மேல் இருக்கும் நம்பிக்கை, நாள்தோறும் ஒன்று என்று வருடம் முழுக்க விழுங்க வேண்டிய சின்ன வெள்ளை மாத்திரை மேல் இல்லை. அதன் விலை ஒரு டீக்குக்கூட ஆகாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசே இல்லை.

நேரமும் ஒரு காரணம். காலையில் சுகாதார நிலைய வரிசையில் நின்றால் அன்றைய கூலி போகும். ஆண்கள் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகுதான் நர்ஸம்மா தெருவுக்குள் வருகிறார். பெண்களுக்கோ எல்லோரும் சாப்பிட்ட பின் சாப்பிடுவது போலவே எல்லோருக்கும் பார்த்த பிறகுதான் தங்கள் உடம்பு. இதை அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது.

இனி அரசின் பக்கம். வீட்டில் ஒவ்வொருவரும் தன் உடம்பை எப்படிப் பார்க்கிறாரோ, ஏறக்குறைய அப்படியேதான் நாடும் தன் மருத்துவத்தைப் பார்க்கிறது. 1943-இல் அமைக்கப்பட்டு 1946-இல் அறிக்கை தந்த, போர் (Bhore) என்பவர் தலைமையிலான குழு, சுதந்திரத்துக்கு முன்பே தெளிவாகச் சொன்னது: நோயைத் தடுப்பதும் குணப்படுத்துவதும் ஒரே கூரையின் கீழ், கிராமத்துக்குப் பக்கத்தில் நடக்க வேண்டும். இன்றைய ஆரம்ப சுகாதார நிலையத்தின் விதை அந்த அறிக்கையில்தான் விழுந்தது. 2017-இன் தேசிய சுகாதாரக் கொள்கையும் அதே வழியில், அரசின் மருத்துவச் செலவில் மூன்றில் இரண்டு பங்கோ அதற்கு மேலோ ஆரம்ப சுகாதாரத்துக்குப் போக வேண்டும் என்றது. 2025-க்குள் அரசின் சுகாதாரச் செலவு நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் 2.5 சதவீதத்தைத் தொட வேண்டும் என்றும் இலக்கு வைத்தது. 2021-22 கணக்குப்படி அது 1.84 சதவீதம். அதே ஆண்டில் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதத்தை மக்கள் தங்கள் மடியிலிருந்து கொடுத்திருக்கிறார்கள். 2013-14-இல் இது 64.2 சதவீதமாக இருந்தது. குறைந்திருப்பது உண்மை, நல்ல செய்தி. ஆனாலும் நூறு ரூபாயில் நாற்பது ரூபாய்க்கு நகையோ ஆடோ போய்க்கொண்டுதான் இருக்கிறது.

எந்த அரசும் மக்கள் கேட்பதைத்தான் முதலில் கட்டும். 2009-இல் தமிழ்நாட்டில் உயிர்காக்கும் சிகிச்சைகளுக்கான காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2018-இல் ஒன்றிய அரசின் திட்டம். 2022 ஜனவரியில் ஒரே நாளில் பதினோரு புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. மதுரை தோப்பூரில் 2019-இல் அடிக்கல் நாட்டப்பட்ட எய்ம்ஸ், 2021 தேர்தலில் ஒரு செங்கல்லின் வடிவில் மாநிலம் முழுக்கச் சுற்றி வந்தது. இவற்றில் எதையும் குறைத்துப் பேச முடியாது. மாரடைப்பு வந்து உயிரோடு திரும்பிய ஒவ்வொருவரும் இவற்றுக்குச் சாட்சி. ஆனால் எய்ம்ஸ் எப்போது வரும் என்று எல்லாக் கட்சி மேடையிலும் கேள்வி எழுந்த அந்த ஆண்டுகளில், மாநிலத்தின் 8,713 துணை சுகாதார நிலையங்களில் ஒன்றில் செவிலியர் இடம் காலியாக இருக்கிறதா, மாத்திரை இருக்கிறதா என்று கேட்டு எந்தத் தேர்தலும் நடக்கவில்லை. எய்ம்ஸ் எல்லோர் கண்ணுக்கும் தெரியும் கட்டடம். துணை சுகாதார நிலையத்தில் 339 பேரில் 25 என்பது 100 ஆக மாறினால் அதைத் திறந்து வைக்க ரிப்பன் இருக்காது. கேட்கிற குரல் இருந்தால் மட்டுமே அது நடக்கும்.

ஒருமுறை அரசே உங்கள் வாசலுக்கு வந்தது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. தன்னார்வலராக வரும் பெண் உங்கள் ஊர் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்தவர். வீடு வீடாகப் போய் அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார், மாதத்துக்கு வேண்டிய மாத்திரையைக் கையில் கொடுக்கிறார். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையாளரும் நோய்த்தணிப்புச் செவிலியரும் வீட்டுக்கே வருகிறார்கள். 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது இத்திட்டத்துக்குக் கிடைத்தது. கிருஷ்ணகிரி 2004 வரை தருமபுரி மாவட்டத்தோடு இருந்தது. அந்தத் தருமபுரியில்தான் 1989-இல் தமிழ்நாட்டின் முதல் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கின. சிறுசேமிப்புக்காகப் பாய் விரித்து உட்கார்ந்த பெண்களின் வழிவந்தவர்கள்தான் இன்று பிரஷர் கருவியோடு தெருவில் நடக்கிறார்கள்.

கருவியோடு அவர் வாசலில் நிற்கும்போது வீட்டுக்குள்ளிருந்து வரும் பதில் என்ன? “அவரு வேலைக்குப் போயிட்டாரு. மாத்திரையை வச்சிட்டுப் போங்க.” அந்த மாத்திரை சாமி படத்துக்குப் பக்கத்தில் டப்பாவுக்குள் போகிறது. தலைசுற்றினால் ஒன்று, கல்யாணச் சாப்பாடு சாப்பிட்ட அன்று இரண்டு என்று எடுத்துக்கொள்கிறார்கள். பட்டியலில் பெயர் இருக்கிறது, மாத்திரை கொடுத்ததற்கு டிக் இருக்கிறது, அழுத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது. அரசு எவ்வளவு தூரம் நடந்து வந்தாலும் கடைசி ஓரடியை வீட்டிலிருப்பவர்தான் எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது.

மக்களே முதலில் கோரிக்கை வைத்த ஒரு கதை உண்டு. ஐரோப்பாவின் வடகோடியில், பின்லாந்தின் கிழக்கு எல்லையில் வட கரேலியா என்ற ஏழை மாகாணம். மரம் வெட்டுவோரும் பால்மாடு வளர்ப்போரும் வாழும் இடம். வெண்ணெய், கொழுப்பு, உப்பு, சிகரெட் எல்லாம் அங்கே அன்றாடம். 1960-களில் வேலை செய்யும் வயது ஆண்கள் மாரடைப்பில் சாவது உலகிலேயே மிக அதிகம் என்ற நிலை. 1971-இல் அந்த மாகாணத்தின் பிரதிநிதிகள் கூடி, எங்கள் ஆண்களைக் காப்பாற்ற ஏதாவது செய்யுங்கள் என்று அரசுக்கு மனுக் கொடுத்தார்கள். 1972-இல் பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவர் தலைமையில் வேலை தொடங்கியது. புஸ்காவும் குழுவினரும் மருத்துவமனைக்குள் உட்காரவில்லை. மார்த்தா என்ற குடும்பத் தலைவிகளின் அமைப்போடு சேர்ந்து ஊர் ஊராகச் சமையல் விருந்து நடத்தினார்கள். அதே பழைய சமையல், கொழுப்பும் உப்பும் மட்டும் குறைவாக. செவிலியர்கள் ஊரெங்கும் ரத்த அழுத்தம் பார்த்தார்கள். வெண்ணெய் விற்பனை சரிந்து கலங்கிய பால்பண்ணைக்காரர்கள் பெர்ரிப் பழச் சாகுபடிக்கு மாறவும் பின்னாளில் உதவி கிடைத்தது. நாற்பது ஆண்டுகளில் அந்த வயது ஆண்களின் இதயநோய்ச் சாவு 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது.

அந்த மனுதான் கவனிக்க வேண்டியது. ஆஸ்பத்திரி கட்டடம் வேண்டும் என்று நின்றுவிடாமல், எங்கள் ஆட்கள் சாகாமல் இருக்க வழி வேண்டும் என்று கேட்ட மனு அது. உங்களிடமும் அப்படியொரு மனுவுக்கு இடம் இருக்கிறது. அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தத்தோடு சேர்ந்த பதினோராவது அட்டவணையில் ஊராட்சிகளுக்கான 29 பொருள்களில் 23-ஆவது, மருத்துவமனைகளும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் உள்ளிட்ட சுகாதாரம். ஊராட்சித் தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் கேட்கும் உரிமை சபையில் உட்கார்ந்திருப்பவருக்கு உண்டு. டாஸ்மாக் கடையை எடுக்கச் சொல்லி எத்தனையோ ஊர்ப் பெண்கள் கிராமசபையில் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். குடும்பத்தின் உடம்பைப் பற்றிய தீர்மானம்தான் அதுவும்.

அடுத்த கூட்டத்தில் கேட்கச் சில கேள்விகள். நம் துணை சுகாதார நிலையத்தில் செவிலியர் இடம் நிரம்பியிருக்கிறதா? கடந்த மூன்று மாதத்தில் கொதிப்பு, சர்க்கரை மாத்திரை எத்தனை நாள் இல்லாமல் போனது? ஊரில் எத்தனை பேருக்கு அழுத்தம் பார்க்கப்பட்டது, எத்தனை பேருக்கு அது கட்டுக்குள் வந்திருக்கிறது? பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். யார் வீட்டு நோயும் மைக்கில் ஒலிக்கக் கூடாது. சம்பந்தம் நிற்கும் என்ற பயத்துக்கு இடம் தரக் கூடாது. ஆண்களுக்காக மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையோ ஒரு மாலையோ ஒதுக்க முடியுமா என்று மருத்துவ அலுவலரைக் கேளுங்கள். நெஞ்சுவலி வந்தவருக்கு உடனே கொடுக்க வேண்டிய ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டார்வாஸ்டாட்டின் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருப்பு வைக்கும் ‘இதயம் காப்போம்’ திட்டம் 2023-இல் வந்தது. உங்கள் நிலையத்தில் அவை இருக்கின்றனவா, ராத்திரியில் யார் எடுத்துக் கொடுப்பார் என்பதைக் கேட்டு எழுதி வையுங்கள். கிராம சுகாதாரக் குழுவுக்கு ஆண்டுதோறும் தேசிய நலவாழ்வுத் திட்டத்தில் 10,000 ரூபாய் நிதி உண்டு. ஒழுங்காக வேலை செய்யும் பிரஷர் கருவி இரண்டு அதற்குள் வாங்கிவிடலாம்.

உப்பைப் பற்றியும் ஒரு பேச்சு எடுக்கலாம். ஒரு நாளைக்கு ஒருவருக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், கருவாடு, அப்பளம், வடகம், மோர்மிளகாய் என்று தொட்டுக்கொள்வதெல்லாம் உப்பாக இருக்கும் வீட்டில் அந்த ஒரு கரண்டி காலைச் சாப்பாட்டோடு தீர்ந்துவிடும். இதைக் கணவன்மாரிடம் மருத்துவர் சொல்லிப் பயனில்லை, மனைவிமாரிடம் மட்டும் சொல்லுவதும் நியாயமில்லை. சபையில் இருவரும் உட்கார்ந்திருக்கும்போது சொன்னால் காதில் ஏறும்.

கடைசியாக ஒரு ஏற்பாடு. கையெழுத்துப் போடும் மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு மேசை போடச் சொல்லுங்கள். கிராம சுகாதாரச் செவிலியரும் தன்னார்வலரும் கருவியோடு அங்கே இருக்கட்டும். ஊரில் மதிப்புள்ள பெரியவர் ஒருவர் முதலில் போய்க் கையை நீட்டட்டும். பின்னால் வண்டியில் சாய்ந்து நிற்கும் இளைஞர்களும் வரட்டும், முப்பதிலேயே கொதிப்பு வந்தவர்கள் அங்கே இருப்பார்கள். வருவதற்கு அரைமணி நேரம் முன்பிருந்து டீயும் பீடியும் வேண்டாம். வந்ததும் பரபரப்போடு கையை நீட்டாமல் நாற்காலியில் முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் படிய ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கை நெஞ்சின் மட்டத்தில் இருக்கட்டும், பார்க்கும்போது பேச்சு வேண்டாம். ஒருநாள் கூடுதலாகக் காட்டியதை வைத்து மட்டும் யாரும் பயந்துவிட வேண்டியதில்லை. வேறொரு நாள் மறுபடி பார்த்து, அப்போதும் கூடுதல் என்றால் டாக்டரிடம் போகலாம். செவிலியர் எழுதிக் கொடுக்கும் அந்த இரண்டு எண்களையும் ரேஷன் கார்டு வைக்கும் பையிலேயே வைத்து, அடுத்த கிராமசபைக்கு வரும்போது எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
உங்களோடு பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர்